பழைய பவர் டில்லர்: காயலாங்கடைப் பாகங்களை வைத்து மீட்டெடுப்பது

(இது ஒரு கலந்துரையாடல். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர். பவர் டில்லர் என்பது கையால் பிடித்து ஓட்டும் இரண்டு சக்கர உழவு இயந்திரம்.)

நாற்றங்கால்

பழைய இரும்புக் கடையில் ஒரே மாதிரியில் இரண்டு டில்லர் எடைக்குக் கிடக்கின்றன. இரண்டும் சக்தி 130 டிஐ (டிஐ என்றால் டீசலை நேரே சிலிண்டருக்குள் பீச்சும் வகை), 13 குதிரைத்திறன். ஒன்றில் எஞ்சின் இறுகிப்போய்ச் சுற்றவில்லை, ரோட்டரியும் (மண்ணைக் கிளறும் சுழல்கத்திப் பகுதி) இல்லை. மற்றதில் எஞ்சின் இல்லை. கியர் பெட்டி, ரோட்டரி, ஹாண்டில் எல்லாம் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து ஒன்றாக்குவது சரிப்படுமா? எடை போடுவதற்கு முன் கடையிலேயே எதையெல்லாம் பார்த்துவிட வேண்டும்? என் யோசனையில் வரிசை இப்படி: முதலில் எஞ்சின், பிறகு கியர், கடைசியாக ரோட்டரி. சரிதானா?

சேற்றுழவு

வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதலில் கியர் பெட்டியின் கூடு, அப்புறம் ரோட்டரி, கடைசியில்தான் எஞ்சின். இந்த எஞ்சினுக்குப் பிஸ்டன், லைனர் (பிஸ்டன் ஓடும் உள்குழாய்), ரிங் (பிஸ்டனைச் சுற்றிய வளையம்), நாசில் (டீசல் பீச்சும் முனை) எல்லாம் இன்றும் கடையில் வாங்கலாம். விரிசல் விட்ட கியர் கூட்டுக்கு மாற்று வேண்டுமென்றால் இன்னொரு பழைய வண்டியைத்தான் தேட வேண்டும். ஆகவே இரண்டாவது வண்டியின் கூடு நல்லதாக இருந்தால் இரண்டையும் எடுங்கள். கூடு போயிருந்தால் ஒன்றையும் எடுக்காதீர்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை:

கூட்டை வயர் பிரஷால் தேய்த்துவிட்டு ஆக்சில் வெளியே வரும் இடத்தையும் எஞ்சின் படுகைச் சட்டம் போல்ட் ஆகும் இடத்தையும் பாருங்கள். கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புச் சக்கரம்) மாட்டிச் சேற்றில் உழுத வண்டியில் விரிசல் விழுவது இந்த இரண்டு இடத்தில்தான். சந்தேகமாக இருந்தால் மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சுண்ணாம்பைக் கரைத்து மெல்லப் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து, காய்ந்த சுண்ணாம்பின் மேல் கோடாகத் தெரியும்.

வடிகால் போல்ட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் வந்து பிறகு பால் காபி நிறத்தில் ஆயில் வந்தால் ஆக்சில் சீல் போயிருக்கிறது, பேரிங்கெல்லாம் மாற்ற வேண்டும் என்று கணக்கு வையுங்கள். அது பெரிய செலவில்லை. ஆயிலில் காந்தத்தை விடுங்கள். சாம்பல் நிறப் பசை ஒட்டினால் வயதுத் தேய்மானம். சில்லு சில்லாக வந்தால் பல் உடைந்திருக்கிறது.

ஒவ்வொரு கியரிலும் போட்டு உள்ளீட்டு ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். கியர் பாதியில் தானாக வெளியே வருகிறதா என்பதையும் கவனியுங்கள்.

செம்மண்காடு

வண்டி எந்த ஊரிலிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கட்டாயம் கேளுங்கள். டெல்டா வண்டி என்றால் சீல், பேரிங், ரோட்டரி ஷாஃப்ட் எல்லாம் துருப்பிடித்திருக்கும், எஞ்சின் ஓரளவு பிழைத்திருக்கும். தர்மபுரி, கோவைப் பக்கத்துக் காட்டு வண்டி என்றால் நேர்மாறு. கியர் பெட்டி உலர்ந்து நன்றாக இருக்கும். தூசியை இழுத்து இழுத்து லைனர் தேய்ந்திருக்கும், கத்தி பாதியாகியிருக்கும். ஏர் ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாயை மடித்துப் பாருங்கள். அதில் வெடிப்பு இருந்தால் லைனரை அளக்காமலே முடிவு சொல்லிவிடலாம்.

காகிதம் முக்கியம். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் எழுதிய ரசீது இல்லாமல் வாங்க வேண்டாம். எண் அரைத்து அழிக்கப்பட்டிருந்தால் திருட்டு வண்டி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மானியத்தில் வாங்கிய வண்டிகளுக்குக் குறிப்பிட்ட காலம் விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். பழைய உரிமையாளரின் கையெழுத்தோடு ஒரு துண்டுக் காகிதமாவது வேண்டும்.

டீசல்வாசம்

இறுகிய எஞ்சினைப் பற்றி. இது படுக்கை சிலிண்டர் என்பதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். நாசில் துளை வழியாக டீசலை ஊற்றிவிட்டுக் காத்திருந்தால் அது சிலிண்டரின் அடிப்பாதியில் மட்டும்தான் தேங்கும். மேல்பாதி ரிங்குக்கு ஒரு சொட்டும் போகாது. எஞ்சினைச் சட்டத்திலிருந்து இறக்கி, ஆயிலையும் டீசலையும் வடித்துவிட்டு, ஹெட் (சிலிண்டரின் மூடி) மேலே பார்க்கும்படி செங்குத்தாக நிறுத்துங்கள். டீசலும் கியர் ஆயிலும் சரிபாதி கலந்து 100 மில்லி ஊற்றி, 3 நாள் முதல் ஒரு வாரம் விடுங்கள். தினமும் அளவு குறைந்திருக்கிறதா என்று பார்த்துக் கொஞ்சம் ஊற்றுங்கள். குறைந்தால் நல்ல அறிகுறி, ரிங்கைத் தாண்டி இறங்குகிறது.

பிறகு ஃப்ளைவீலை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஒரே பக்கமாக நெம்ப வேண்டாம். அரை அங்குலம் அசைந்தாலே போதும், அதையே திரும்பத் திரும்பச் செய்தால் விடும். அதிலும் வரவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலைக்குச் சமமான மரக்கட்டையை வைத்து அடியுங்கள். இரும்பை நேராக வைத்து அடித்தால் பிஸ்டன் தலை குழிந்துவிடும். டிஐ பிஸ்டனில் எரிகிண்ணம் தலையிலேயே இருப்பதால் கட்டை அதன் விளிம்பில் உட்காராமல் சுற்றுவட்டத்தில் உட்கார வேண்டும்.

இன்னொன்று. இறுகலுக்குக் காரணம் எப்போதும் பிஸ்டன் என்று நினைக்காதீர்கள். வால்வு துருப்பிடித்துத் திறந்தபடி நின்று பிஸ்டனைத் தடுக்கலாம். எஞ்சினுக்குள் எலி கூடு கட்டி ஃபேன் பக்கம் அடைத்திருக்கலாம். ராக்கர் மூடியைத் திறந்து பார்க்க ஐந்து நிமிடம்தான் ஆகும்.

நாற்றங்கால்

வரிசை புரிந்தது. கூட்டில் விரிசல் இல்லை, ஆயில் காபி நிறம், காந்தத்தில் பசை மட்டும். எஞ்சினைப் பிரித்தால் லைனரை மாற்றுவதா, ரீபோர் (உள்சுவரைக் கடைந்து பெரிதாக்குவது) செய்வதா?

லேத்மேசை

அளந்துவிட்டுப் பேசுவோம். இந்த எஞ்சின் 95 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 95 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), 673 சிசி. போர் கேஜால் மூன்று இடத்தில் அளக்க வேண்டும்: மேல் ரிங் வந்து திரும்பும் இடம், நடு, கீழ். ஒவ்வோர் இடத்திலும் மேல்கீழாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். அங்கே விரல் நகத்தால் தடவினாலே படி தட்டுப்படும். புதுமட்டத்திலிருந்து 0.20 மி.மீ. தாண்டினால் லைனர் போனதுதான்.

இது ஈர லைனர், தண்ணீர் அதன் வெளிப்பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஆகவே ரீபோர் வேண்டாம் என்பேன். பழைய லைனரின் வெளிச்சுவரில் துருக்குழி இருக்கும். உள்பக்கம் கடைந்து சுவரை இன்னும் மெலிதாக்கினால் ஒருநாள் ஓட்டை விழுந்து தண்ணீர் சம்ப்புக்குள் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) போகும். லைனர், பிஸ்டன், பின், ரிங் நான்கும் ஒரு செட்டாக வாங்குவதே நல்லது.

லைனர் உட்காரும் தோளைச் சுத்தமாகச் சுரண்டுங்கள். அங்கே ஒரு துணுக்குத் துரு இருந்தாலும் லைனர் சாய்ந்து உட்காரும். ஓ-ரிங்கைச் சோப்புத் தண்ணீர் தொட்டு, முறுக்கு இல்லாமல் பள்ளத்தில் உட்கார வையுங்கள். கையால் அழுத்தினாலே லைனர் இறங்க வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் ஓ-ரிங் உருண்டுவிட்டது என்று பொருள், வெளியே எடுத்துப் பாருங்கள். உட்கார்ந்த பிறகு லைனரின் விளிம்பு பிளாக் முகத்தைவிட இம்மியளவு தூக்கலாக இருக்க வேண்டும். பிளாக்கை விடத் தாழ்ந்திருந்தால் ஹெட் கேஸ்கெட் நிற்கவே நிற்காது.

ரிங்கை மாட்டும் முன் அதை லைனருக்குள் நேராக விட்டு வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். இந்தப் போருக்கு 0.30 முதல் 0.45 வரை இருந்தால் நல்லது. குறைந்தால் சூட்டில் வாய் முட்டி லைனரைக் கீறும். நுண்ணரத்தால் தேய்த்துச் சரிசெய்யலாம். 1 மி.மீ. தாண்டினால் அந்த ரிங்கே தவறான அளவு. எழுத்தோ புள்ளியோ உள்ள முகம் ஹெட் பக்கம் பார்க்க வேண்டும். வாய்களை ஒரே கோட்டில் விடாமல் 120 டிகிரி தள்ளித் தள்ளி வையுங்கள்.

செம்மண்காடு

ரீபோர் வேண்டாம் என்பதில் எனக்கு உடன்பாடு. ஆனால் 0.20-க்குள் இருந்தால் புது லைனர் போடுவதும் வீண் செலவு. 0.10, 0.12 தேய்மானத்துக்கு ஹோனிங் (கல்லால் உள்சுவரை மெல்லத் தீட்டுவது) செய்து புது ரிங் மட்டும் போட்டாலே பல பருவம் ஓடும். அதற்குமுன் மேலே உள்ள படியை நீக்க வேண்டும். நீக்காவிட்டால் புது ரிங்கின் கூர் விளிம்பு படியில் மோதி முதல் ரிங் உடையும்.

லேத்மேசை

சரிதான், ஏற்றுக்கொள்கிறேன். ஹோனிங் குறுக்குக்கோடு 45 முதல் 60 டிகிரி கோணத்தில் விழ வேண்டும். முடிந்ததும் டீசலில் கழுவினால் போதாது. வெந்நீரும் சோப்புத் தூளும் போட்டு நார் பிரஷால் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். ஹோனிங் கல்லின் தூள் உள்ளே தங்கினால் ஐம்பது மணி நேரத்தில் புது ரிங்கையும் தின்றுவிடும்.

கிராங்க் (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) பற்றியும் ஒரு வார்த்தை. கிராங்க் பின்னின் ஜர்னலை (பேரிங் உட்காரும் உருளைப் பரப்பு) நான்கு திசையில் மைக்ரோமீட்டரால் அளங்கள். நீள்வட்டம் 0.05 மி.மீ. தாண்டினால் கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற சிறிய உள்விட்டப் பேரிங் (அண்டர்சைஸ்) போட வேண்டும். ஆயில் துளை வாயைப் பஞ்சு சுற்றிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள், பழைய வண்டியில் கசடு அங்கேதான் உறைந்திருக்கும்.

டீசல்வாசம்

பம்பும் நாசிலும். இங்கே அவசரப்பட்டால் ஆபத்து, ஆகவே நிதானமாக எழுதுகிறேன்.

நாசிலை நீங்களே வீட்டில் சோதிக்காதீர்கள். டிஐ எஞ்சின் நாசில் 200 பார் அளவில் திறக்கிறது. அந்த நுண்பீச்சு கையில் பட்டால் தோலைத் துளைத்து உள்ளே போகும், வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், விரலையே எடுக்க நேரலாம். பட்டறைச் சோதனைப் பம்பில் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாத் துளையிலும் ஒரே அளவு பனிபோலப் பீச்ச வேண்டும், சொட்டக் கூடாது, திறக்கும் அழுத்தத்துக்கு 20 பார் கீழே நிறுத்தி வைத்தால் பத்து விநாடி நுனி நனையக் கூடாது. நாசிலின் அடியில் உள்ள செம்பு வாஷர் ஒன்றுதான் இருக்க வேண்டும். பழையது உள்ளே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதியது ஒன்றைப் போட்டுவிடுவார்கள். அப்போது நாசில் வெளியே தள்ளி நின்று, பீச்சு கிண்ணத்தில் விழாமல் கருப்புப் புகை வரும்.

பம்பைத் திரும்ப மாட்டும்போது அதன் ராக் முள் (டீசல் அளவை மாற்றுவது) கவர்னர் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) கவட்டைக்குள் உட்கார்ந்ததா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் போல்ட்டை முறுக்க வேண்டும். உட்காராமல் மாட்டினால் பம்ப் முழு டீசல் கொடுத்தபடி நின்று, எஞ்சின் ஸ்டார்ட் ஆன உடனே வேகம் எகிறிக்கொண்டே போகும், ஆக்ஸிலேட்டர் கேட்காது. ஆகவே முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஏர் ஃபில்டரைக் கழற்றி, இன்டேக் வாயை மூடும் அளவுக்கு ஒரு பலகைத் துண்டைக் கையில் வைத்திருங்கள். வேகம் எகிறினால் பலகையால் அடைத்து நிறுத்துங்கள். உள்ளங்கையாலோ துணியாலோ அடைக்கக் கூடாது, உள்ளே இழுத்துக்கொள்ளும்.

டைமிங். பம்பின் அடியில் உள்ள ஷிம்தான் (மெல்லிய தகடு) டைமிங்கை, அதாவது டீசல் பீச்சும் நேரத்தைத் தீர்மானிக்கிறது. ஷிம் கூட்டினால் பம்ப் கேமிலிருந்து விலகி டீசல் தாமதமாகப் போகும், குறைத்தால் முந்தும். பல சிறு எஞ்சின்களில் 0.1 மி.மீ. ஷிம் ஏறத்தாழ ஒரு டிகிரி. பழைய ஷிம்மைத் தொலைத்துவிடாதீர்கள், எத்தனை இருந்தன என்று எழுதி வையுங்கள். சரிபார்க்க: ஹை பிரஷர் குழாயைக் கழற்றி, பம்ப் வாயில் டீசல் நிறைந்து நிற்க, ஃப்ளைவீலை மெதுவாக ஓட்டத் திசையில் சுற்றுங்கள். டீசல் மட்டம் அசையும் அந்தக் கணத்தில் ஃப்ளைவீல் குறி எதிர்க்குறியோடு நேராக நிற்க வேண்டும்.

வன்னிவயல்

வணக்கம். எங்கட பக்கம், இலங்கை வன்னியில, இதை லான்ட்மாஸ்டர் எண்டுதான் சொல்லுறது. முதல் வந்த கம்பனியின்ர பேரே எல்லா இரண்டு சில்லு உழவு இயந்திரத்துக்கும் நிலைச்சுப் போச்சுது. இங்க ரோட்டரியை விடப் பெட்டி (பின்னால கொழுவுற ட்ரெயிலர்) இழுக்கிறதுதான் கூடுதல் வேலை. அதால பழைய வண்டி வாங்கேக்க நாங்கள் முதல் பாக்கிறது பெட்டி கொழுவுற இடம், ஆக்சில், ஸ்டியரிங் கிளட்ச்.

ஸ்டியரிங் கிளட்சை வடிவாப் பாருங்கோ. கைப்பிடிக்குக் கீழ உள்ள லீவரை இழுத்தா அந்தப் பக்கச் சில்லுக்குச் சக்தி விடுபட வேணும், விட்டா உடன திரும்பிப் பல்லுப் பிடிக்க வேணும். பிடிக்கச் சுணங்கினா உள்ளுக்க ஸ்பிரிங் முறிஞ்சிருக்கும் அல்லது பல்லு வட்டமாத் தேஞ்சிருக்கும். கேபிள் இழுவையைக் கூட்டிச் சமாளிக்கிற ஆக்கள் இருக்கினம். அப்பிடிச் செய்தா பல்லு பாதி கோத்தபடி நிண்டு, பாரம் ஏத்தின உடன வழுக்கிப் பிடுங்கும். கழட்டித்தான் ஆக வேணும்.

புதுசாப் பழகிற ஆக்களுக்கு இதையும் சொல்லி வையுங்கோ. இறக்கத்தில இடது லீவரை இழுத்தா வண்டி இடது பக்கம் திரும்பாது. விடுபட்ட சில்லு தன்ர பாட்டில கூட ஓடி, வண்டி வலது பக்கம் இழுக்கும். பாலத்திலயும் குளக்கட்டிலயும் இதுதான் ஆக்களைக் கவிழ்க்கிறது. இறக்கத்தில லீவரைத் தொடாமல் கையாலதான் திருப்ப வேணும்.

நாற்றங்கால்

நன்றி அண்ணே, இது இங்கேயும் பலருக்குத் தெரியாது. அடுத்தது: கியர் பெட்டியைப் பிரித்தாகிவிட்டது. சீல், பேரிங் எல்லாம் மாற்ற வேண்டும். கம்பெனிப் பாகம்தான் வாங்க வேண்டுமா?

சேற்றுழவு

பேரிங்குக்கும் ஆயில் சீலுக்கும் கம்பெனிப் பெட்டி தேவையில்லை. பேரிங்கின் முகத்தில் எண் இருக்கும். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்துளை: 6205 என்றால் 25 மி.மீ., வெளி 52, அகலம் 15. 6206 என்றால் 30, 62, 16. 6305 உள்ளே அதே 25 ஆனாலும் வெளி 62, அகலம் 17, கனமான வகை. எண் அழிந்திருந்தால் வெர்னியரால் இந்த மூன்று அளவை எடுத்துக்கொண்டு பேரிங் கடைக்குப் போங்கள். எண்ணுக்குப் பின்னால் சி3 (உள் இடைவெளி கூடுதலான வகை) இருந்தால் அதையும் சொல்லி வாங்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் கழற்றிய பேரிங் வாங்காதீர்கள், சுற்றிப் பார்த்து நன்றாக இருந்தாலும் வேண்டாம். கியர், ஷாஃப்ட், கூடு, லீவர் பழையதாக இருக்கலாம். பேரிங், சீல், கேஸ்கெட், பெல்ட் நான்கும் புதிதாகத்தான் இருக்க வேண்டும்.

சீலிலும் மூன்று எண் இருக்கும்: உள், வெளி, அகலம். சேற்றில் ஓடும் ஆக்சிலுக்கு ஒற்றை உதட்டுச் சீல் போதாது, தூசி உதடும் சேர்ந்த இரட்டை உதட்டு வகை கேளுங்கள். ஸ்பிரிங் உள்ள உதடு ஆயில் பக்கம் பார்க்கும்.

புதுச் சீல் போட்டும் ஒழுகினால் குற்றம் சீலில் இருக்காது. பழைய உதடு ஷாஃப்டில் ஒரு பள்ளம் போட்டிருக்கும், நகம் வைத்தால் தெரியும். இடமிருந்தால் சீலை 2 மி.மீ. உள்ளே அல்லது வெளியே தள்ளி அடித்தால் உதடு புது இடத்தில் உட்காரும். இடமில்லை என்றால் மெல்லிய ஸ்டெயின்லெஸ் உறை போடலாம்.

லேத்மேசை

அந்தப் பள்ளத்தில் வெல்டிங் நிரப்பிக் கடைந்து கொடுக்கச் சொல்லி நிறைய ஷாஃப்ட் வரும். செய்யாதீர்கள். கடினப்படுத்திய ஷாஃப்டின் ஒரே இடத்தில் சூடு கொடுத்தால் அது வளையும், அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே பிறகு முறியும். ஸ்லீவ்தான் சரி.

கூட்டில் சிறு விரிசல் இருக்கும் வண்டி யாருக்காவது கிடைத்தால்: பேரிங் உட்காரும் வளையத்தைத் தொடாத விரிசலாக இருந்தால் மட்டும் முயலுங்கள். விரிசலின் இரண்டு முனையிலும் 3 மி.மீ. துளை போட்டால் அது மேலே ஓடாது. வி வடிவில் தோண்டி, கூடு முழுவதையும் சூடேற்றி, நிக்கல் ராடால் ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக வைத்து, ஒவ்வொரு தடவையும் சுத்தியலால் மெல்லத் தட்டிவிட்டு, கடைசியில் சாம்பலிலோ மணலிலோ புதைத்து ஒரு ராத்திரி ஆற விட வேண்டும். அலுமினியக் கூடு என்றால் இந்த முறை பொருந்தாது, டிக் வெல்டிங் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும்.

செம்மண்காடு

ரோட்டரி கத்தி. இதில்தான் காசு மிச்சப்படுத்தப் போய் வண்டியைக் கெடுக்கிறார்கள். லாரி லீஃப் ஸ்பிரிங்கை வெட்டிப் பழைய கத்தியின் அடியோடு ஒட்ட வைப்பது ஊருக்கு ஊர் நடக்கிறது. ஸ்பிரிங் ஸ்டீல் நல்ல இரும்புதான். ஆனால் வெல்டிங் சூடு பட்ட இடத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி அது கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடுகிறது. கல் பட்டதும் அங்கே முறிந்து, துண்டு ஆள்மேல் பறக்கும். உலையில் காய்ச்சி முழுக் கத்தியாக அடித்து, துளை போட்டு, எண்ணெயில் தோய்த்துப் பதம் இறக்கிய கத்தி வேறு விஷயம், அது நன்றாகவே உழைக்கும்.

கத்தியில் இடது, வலது என்று இரண்டு வகை உண்டு. கழற்றும் முன் ஷாஃப்டைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வளைவுகள் ஷாஃப்டைச் சுற்றிச் சுருளாக வருவதற்குக் காரணம், ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு கத்தி மட்டும் மண்ணில் இறங்க வேண்டும் என்பதே. வரிசை மாறினால் நான்கைந்து ஒன்றாக அடிக்கும், ஹாண்டில் கையை உதறும், செயின் சீக்கிரம் நீளும். அகலம் பாதியாகத் தேய்ந்த கத்தியை மாற்றுங்கள், மாற்றும்போது முழு செட்டாக மாற்றுங்கள். போல்ட் தலையில் வலிமைத் தரம் 8.8 அல்லது 10.9 என்று இருக்க வேண்டும். சாதா போல்ட் போட்டால் அது நீண்டு, கத்தி ஆடி, துளை நீள்வட்டமாகிவிடும். பிறகு ஹோல்டரையே வெட்டி மாற்ற வேண்டியதுதான்.

நாற்றங்கால்

இறுகிய எஞ்சினின் கிராங்க் மிக மோசமாக இருந்து, வேறு எஞ்சின் மாட்டுவதானால்? பக்கத்துக் கடையில் சீன எஸ்195 ஒன்று ஓடும் நிலையில் இருக்கிறது.

சேற்றுழவு

என் கருத்து, வேண்டாம். அதே மாதிரி எஞ்சின் இன்னொன்று தேடுங்கள்.

டீசல்வாசம்

முடியாத காரியம் என்று சொல்ல மாட்டேன், கணக்கோடு செய்ய வேண்டும். எஸ்195 12 குதிரைத்திறன், போர் 95, ஸ்ட்ரோக் 115, 815 சிசி, நிமிடத்துக்கு 2000 சுற்று. உங்களுடையது 2400 சுற்று. அதே புல்லியை மாட்டினால் கியர், ரோட்டரி எல்லாம் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும். சரிக்கட்ட எஞ்சின் புல்லி 1.2 மடங்கு பெரிதாக வேண்டும்: பழைய புல்லி 120 மி.மீ. என்றால் புதியது 144. ஆனால் அதே சக்தி குறைந்த சுற்றில் வந்தால் முறுக்குவிசை அதிகம், கியருக்குச் சுமை கூடும். கல்லுக்காட்டில் ரோட்டரி சிக்கினால் 2400 சுற்று எஞ்சின் திணறி நிற்கும் இடத்தில் இது நிற்காமல் பல்லை உடைத்துவிடும். பெல்ட்டைக் கொஞ்சம் தளர்வாக வைத்து வழுக்க விடுவதுதான் பாதுகாப்பு.

ஓட்டத் திசையை மாட்டுவதற்கு முன் பாருங்கள். திசை மாறியிருந்தால் முன் கியர் எல்லாம் பின்னே போகும், கத்தியும் தலைகீழாகச் சுற்றும். எஸ்195-இல் பேலன்சர் ஷாஃப்ட் இரண்டு இருக்கின்றன. யாராவது பிரித்துக் கியர் குறி தப்பாகச் சேர்த்திருந்தால் எஞ்சின் ஓடும், ஆனால் உதறலில் படுகைப் போல்ட் எல்லாம் கழன்றுகொண்டே இருக்கும். நீளமும் எடையும் வேறு என்பதால் முன்பாரம் மாறும். ரோட்டரியைத் தூக்கிவிட்டு ஹாண்டிலைப் பிடித்துப் பாருங்கள், வண்டி மூக்குக் குத்தக் கூடாது.

சேற்றுழவு

நீங்கள் சொன்ன அத்தனையும் சரி, அதனால்தான் வேண்டாம் என்றேன். பெல்ட்டைத் தளர்வாக வைத்தால் பள்ளம் பளபளவென்று தேயும், ஆறு மாதத்தில் புல்லியும் மாற்ற வேண்டிவரும். கிராங்க் கிரைண்டிங் அதைவிட மலிவு.

வன்னிவயல்

எங்கட பக்கம் எஞ்சின் மாத்தின வண்டிகள் கன ஓடுது. பெட்டி இழுக்கிறதுக்குப் பிழையில்லை. ரோட்டரி வேலைக்கு எண்டா சேற்றுழவு அண்ணை சொல்லுறதுதான் சரி.

நாற்றங்கால்

கிராங்க் அளந்தாயிற்று, 0.03 நீள்வட்டம், அப்படியே விடலாம். கிரைண்டிங்கும் வேண்டாம், எஞ்சின் மாற்றும் வேண்டாம். இப்போது பெல்ட், கூலிங், முதல் ஸ்டார்ட் மூன்றுக்கும் வழி சொல்லுங்கள்.

லேத்மேசை

பெல்ட் பி வகை, மேல் அகலம் 17, உயரம் 11. எண்ணும் தயாரிப்புத் தொகுதியும் ஒன்றாக உள்ள செட்டாக வாங்குங்கள். இரண்டு பழசும் ஒரு புதுசுமாகப் போட்டால் புதுசு மட்டும் பாரம் சுமந்து அறுந்துவிடும். புல்லிப் பள்ளத்தின் அடித்தளத்தைப் பாருங்கள். அது பளபளத்தால் பெல்ட் அடியில் தட்டி ஓடுகிறது, புல்லி தேய்ந்துவிட்டது. பெல்ட் பக்கச் சுவரில்தான் பிடிக்க வேண்டும். இரண்டு புல்லியின் முகத்திலும் ஒரு நேர்க்கம்பியை வைத்து ஒரே கோட்டில் நிறுத்துங்கள். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 15 மி.மீ. இறங்கினால் சரி. ஒரு மணி நேரம் ஓடியபின் மறுபடி இழுத்துவிடுங்கள்.

ஹெட்டை மாட்டும் முன் டிஐ எஞ்சினுக்குப் பிஸ்டன் தலைக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி பார்ப்பது நல்லது. பிஸ்டன் தலைமேல் 1.5 மி.மீ. ஈயக்கம்பியை இரண்டு இடத்தில் கிரீஸ் தொட்டு ஒட்டி, புது கேஸ்கெட்டோடு ஹெட்டை முறுக்கி, ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கழற்றி நசுங்கிய கம்பியை அளங்கள். இரண்டு இடத்திலும் அளவு ஒன்றுபோல வந்து, கையேட்டு அளவுக்குள் இருக்க வேண்டும். ஹெட் நட்டைக் குறுக்கும் மறுக்குமாக மூன்று தவணையில் முறுக்குங்கள்.

செம்மண்காடு

கூலிங். ஆழ்குழாய்த் தண்ணீர் ஊற்றிய எஞ்சின் என்றால் ஜாக்கெட்டில் உப்புப் படிந்து சுவர் கட்டியிருக்கும். லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம், வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு ராத்திரி. காலையில் கொட்டி, சோடா மாவு கரைத்த தண்ணீரால் ஒருமுறை, நல்ல தண்ணீரால் இருமுறை கழுவுங்கள். கழிவறை ஆசிட் ஊற்றாதீர்கள், அலுமினியத்தையும் ஓ-ரிங் உட்காரும் பரப்பையும் தின்றுவிடும். இனிமேல் மழைநீரோ வடிநீரோ கூலன்ட் கலந்து ஊற்றுங்கள்.

டீசல்வாசம்

முதல் ஸ்டார்ட். 15டபிள்யூ-40 எஞ்சின் ஆயில், கியர் பெட்டிக்கு எஸ்ஏஇ 90, ஆயில் குளியல் ஏர் ஃபில்டருக்கும் கோடு வரை எஞ்சின் ஆயில். வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.20 முதல் 0.25, உங்கள் கையேடு வேறு எண் சொன்னால் அதுவே. டேங்க்கைக் கழற்றிக் கழுவி, ஃபில்டர் புதிது. காற்றெடுப்பது ஃபில்டரில் தொடங்கி, பம்ப், கடைசியாக நாசில் நட்டு என்ற வரிசையில். குமிழி இல்லாமல் டீசல் வந்ததும் ஒவ்வொன்றாக முறுக்க வேண்டும்.

டிகம்ப்ரஷன் லீவரை (வால்வைத் திறந்து அழுத்தத்தை விடுவிப்பது) தூக்கி 20 சுற்று சும்மா சுற்றுங்கள், ஆயில் எல்லா இடமும் போகட்டும். பிறகுதான் ஸ்டார்ட். ஸ்டார்ட் செய்யச் சுற்றும் ஹாண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்கள் இருக்கும் பக்கமே வையுங்கள். எஞ்சின் எதிர்த்து அடித்தால் கட்டைவிரல்தான் முதலில் போகும்.

புகையைப் படியுங்கள். ஸ்டார்ட் ஆகாமல் வெள்ளைப் புகை, டீசல் நெடி: டைமிங் தாமதம் அல்லது கம்ப்ரஷன் குறைவு. நீலம்: ஆயில் எரிகிறது, புது ரிங் என்றால் சில மணி நேரம் பொறுங்கள். பாரத்தில் கருப்பு: நாசில் அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. ஹாப்பரிலோ (எஞ்சின் மேலுள்ள தண்ணீர்த் தொட்டி) ரேடியேட்டரிலோ விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

நாற்றங்கால்

வந்துவிட்டது. வெள்ளைப் புகை அரை நிமிடம், பிறகு தெளிவு. 6.00-12 டயர் இரண்டும் போட்டாயிற்று. ஆனால் ரோட்டரியைப் போட்டபடி ரிவர்ஸ் விழுகிறது, தடுக்கவில்லை. அப்படித்தானா?

சேற்றுழவு

இல்லை, உடனே நிறுத்துங்கள். ரோட்டரி ஓடும்போது ரிவர்ஸ் விழாதபடி பூட்டும் தடுப்புத் துண்டு ஒன்று லீவர் அடியில் இருக்கும். பழைய வண்டிகளில் அவசரத்துக்கு அதைக் கழற்றி எறிந்திருப்பார்கள். பின்னே போகும்போது கத்தி உங்கள் காலை நோக்கித்தான் வரும். உங்களிடம் இரண்டு வண்டி இருக்கிறது. முதல் வண்டியின் லீவர் பெட்டியைத் திறந்து பாருங்கள், அதில் இருந்தால் அப்படியே மாற்றிவிடலாம். இல்லையென்றால் அது கிடைக்கும் வரை ரோட்டரியை மாட்ட வேண்டாம்.

நாற்றங்கால்

முதல் வண்டியில் இருந்தது, ஊசிமுனை அளவு தேய்மானம்தான். மாற்றியாயிற்று, இப்போது ரோட்டரி லீவர் முன்னே இருந்தால் ரிவர்ஸ் விழவில்லை.

டீசல்வாசம்

நல்லது. முதல் மணி நேரம் ஓடி ஆறியதும் ஹெட் நட்டை மறுபடி முறுக்கி, வால்வு இடைவெளியும் மறுபடி பாருங்கள். முதல் 25 மணி நேரம் ஆழம் குறைவாக, முழு ஆக்ஸிலேட்டர் இல்லாமல். 25-இல் எஞ்சின் ஆயிலைச் சூடாக இருக்கும்போதே வடித்து மாற்றுங்கள், பிறகு 100 மணிக்கு ஒருமுறை. கியர் பெட்டி ஆயிலையும் அந்த 25-இல் ஒருமுறை வடித்துக் காந்தம் விட்டுப் பாருங்கள்.